மறு: டாக்டிக்கல் கிளவ்ஸுக்குத் தமிழ்: ‘களக்கையுறை’ ஒத்துவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

போலீசும் பைக் பையன்களும் போடுகிற ‘டாக்டிக்கல் கிளவ்ஸ்’ என்ற கையுறைக்குத் தமிழில் என்ன பேர் வைக்கலாம் என்ற கேள்வியைக் கிளப்பியவன் நான். மூன்று நாளில் ‘தந்திரக் கையுறை’, ‘செயலுத்திக் கையுறை’, ‘தந்திரோபாயக் கையுறை’ என்று வந்து குவிந்துவிட்டன. எல்லாவற்றையும் மார்த்தாண்டத்தில் என் மைத்துனர் கடைக்கே கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். விலைப்பட்டியலைத் தமிழில் அச்சிடக் கேட்டவர் அவர்தான். ரப்பர் தோட்டச் சாமான், மழைக்கோட்டு, ஹெல்மெட், கொஞ்சம் விளையாட்டுப் பொருள் விற்கிற கடை. ‘தந்திரக் கையுறை’யைக் கேட்டதும், “மாப்பிள, இதைப் போட்டா சீட்டை மறைச்சு எடுக்கலாமா?” என்றார். சாமான் வாங்க வந்து நின்ற களியக்காவிளைக்காரர், “மந்திரம் தனியா வாங்கணுமோ?” என்று சேர்ந்துகொண்டார். அந்தச் சொல் அங்கேயே முடிந்தது.

சிரிப்பு இருக்கட்டும். பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தால் அந்த ஆங்கில அடைமொழியில் ஒன்றுமே இல்லை என்று தெரிகிறது. போலீசும் படையும் போட்டதால் வந்த பேர். இன்றைக்குப் பொன்முடிக்கு பைக்கில் ஏறுகிற பையன்களும் ஜிம்முக்குப் போகிறவர்களும்தான் வாங்குகிறார்கள். என் முன்னால் இருக்கும் ஜோடியில் உள்ளங்கைக்கு மெல்லிய செயற்கைத்தோல், புறங்கைக்கு இழுபடும் துணி, விரல் முட்டிகளின்மேல் கெட்டி ரப்பர் வார்ப்பு, மணிக்கட்டில் வெல்க்ரோ. சுட்டுவிரல் நுனியில் மட்டும் நிறம் மாறிய நூல்; தொடுதிரைக்கு மின்சாரம் கடத்த வேண்டுமே, அதற்காக. தையல்கள் விரல் நுனியில் வராமல் பக்கவாட்டில் ஒதுங்கியிருக்கின்றன. துப்பாக்கி விசையில் விரல் படும் இடத்தில் முடிச்சு உறுத்தக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஸ்பேனர் பிடிக்கிற மெக்கானிக்குக்கும் அதே வசதிதான் வேண்டியிருக்கிறது.

செங்கோட்டை அக்கா ‘சுடுகையுறை’ என்று எழுதியிருந்தார்கள். அக்கா, இரண்டு சங்கடம். சுடுதல் அடுப்புக்கும் பொது. கடையில் ‘சுடுகையுறை’ என்று எழுதிவைத்தால் தோசைக்கல் தூக்குகிற உறை என்று நினைத்து வாங்கிப்போவார்கள். நைலான் துணி உள்ள கையுறையை அடுப்பில் வைத்தால் உருகித் தோலோடு ஒட்டும். நோமெக்ஸ் என்கிற தீத்தாங்கும் இழை வகை உருகாது, கரிந்துதான் போகும். சொல்லால் ஆள் கையைச் சுட்டுக்கொள்ளக்கூடாது. இன்னொன்று, துப்பாக்கி சுடும் போட்டிக்காரர்களின் கையுறையே வேறு சாதி. ரைபிள் தாங்கும் கைக்கு மட்டும் போடுவது. உள்ளே மெத்தை வைத்த விறைப்பான பொருள். பன்னாட்டு விதிப்படி முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து 12 மி.மீ. தடிமனுக்கு மேல் போகக்கூடாது, மணிக்கட்டைத் தாண்டி 50 மி.மீ.க்கு மேல் நீளக்கூடாது. ‘சுடுகையுறை’யை அதற்கே வைத்துக்கொள்ளலாம். அதைப் போட்டுக்கொண்டு கடைச்சாவியைக்கூடத் திருப்ப முடியாது.

பாலக்காட்டு அண்ணன் ‘கோதை’யைக் கொண்டுவந்தது எனக்கு உண்மையிலேயே பிடித்தது. வில்லாளர் கையில் கட்டிய தோலுக்கு அந்தப் பேர் உண்டு. விரலில் மாட்டியது ‘புட்டில்’. சேர மன்னர் பேரிலும் கோதை வருவதால் அண்ணனுக்கு அதில் தனிப் பாசம், புரிகிறது. ஆனால் இன்றைக்குக் கோதை என்றால் ஆண்டாள். “ஒரு ஜோடி கோதை குடுங்க” என்று கடையில் எப்படிக் கேட்பது, அண்ணே? புட்டிலை வேண்டுமானால் மீட்கலாம். இன்றைய வில்வித்தைக்காரர்கள் நாண் இழுக்கும் விரல்களுக்கு வைக்கிற தோல் துண்டுக்கு ‘விரற்புட்டில்’ அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது.

‘கையுறை’க்கே சங்க இலக்கியத்தில் பரிசு, காணிக்கை என்றுதான் பொருள். தலைவன் கொண்டுவரும் தழையைத் தோழி மறுத்தால் அது கையுறை மறுத்தல். இன்றைக்கு யாருக்கும் குழப்பமில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்திலும் ‘கையுற’ என்று நிலைத்துவிட்டது. பழைய பொருள் ஒன்று இருக்கிறது என்பதற்காக ஒரு சொல்லை ஒதுக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். அது கீழே உதவும்.

என் முன்மொழிவு: களக்கையுறை.

போர்க்களம், ஆடுகளம், நெற்களம் என மூன்றும் நம்மிடம் உண்டு. சுடுதல், விளையாட்டு, அன்றாட வேலை என்று இந்தப் பொருள் போகிற மூன்று இடமும் அதற்குள் அடங்குகின்றன. அடைமொழியை மொழிபெயர்க்கப் போனதால்தான் தந்திரத்தில் மாட்டிக்கொண்டோம். கை எங்கே இறங்குகிறதோ அந்த இடத்தைச் சொல்லிவிட்டால் போதும்.

உறுப்புகளுக்கு: விரல் முட்டியின்மேல் இருக்கும் வார்ப்பு ‘மொளிக்காப்பு’. எங்கள் பக்கத்தில் விரல்கணு மொளிதான். அகராதிப்படி ‘மொழி’ என்று திருத்தி எழுதினால் மொழிக்காப்பு ஆகிவிடும், நம் குழுவுக்கே போட்டியாக இன்னொரு குழு கிளம்பும். ஆகவே பேச்சுவழக்கே இருக்கட்டும். சுட்டுவிரல் நுனி ‘திரைநுனி’. விரல் வெட்டிய வகை ‘அரைவிரல்’. அதைப் பையன்கள் ஏற்கெனவே சொல்கிறார்கள்.

பெட்டிமேல் இருக்கும் சுத்தியல் படத்தையும் எண்களையும் தமிழ்ப்படுத்த வேண்டியிருந்தது. ஐரோப்பியத் தரம் ஈ.என். 388. நான்கு எண் வரிசையாக: தேய்வு, வெட்டு, கிழிவு, குத்து. வெட்டுக்கு 5 வரை, மற்றவற்றுக்கு 4 வரை. 2016 திருத்தத்தில் இன்னொரு வெட்டுச் சோதனைக்கு ஏ முதல் எஃப் வரை எழுத்து சேர்ந்தது. மோதல் சோதனையில் தேறினால் கடைசியில் ‘பி’ (P) வரும். எக்ஸ் என்றால் சோதிக்கவில்லை. இதைப் படித்துப் பார்த்தபின் மைத்துனர் கடையிலிருந்த நான்கு வகையையும் புரட்டினேன். முரட்டு மொளிக்காப்பு இருந்த மூன்றில் ஒன்றில்கூட ‘பி’ இல்லை. பிளாஸ்டிக் கட்டி ஒட்டிவிட்டால் காப்பு என்று ஆகிவிடாது. ‘மோதல் தாங்கும்’ என்று தமிழில் எழுதச் சொன்ன வரியை அந்த மூன்றுக்கும் எடுத்துவிட்டேன்.

அளவுக்குச் சொல் தேவையில்லை, தையல்காரர் நாடா போதும். கட்டைவிரல் கவையிலிருந்து 20 மி.மீ. மேலே உள்ளங்கையைச் சுற்றி அளந்தால் 203 மி.மீ.க்கு 8, 229க்கு 9. களக்கையுறை தொளதொளவென்று இருந்தால் விசையிலும் சாவியிலும் விரல் தடுமாறும். நுனியில் வெற்றிடம் விழக்கூடாது.

ஒரு ஒப்புதல் வாக்குமூலம். போன வருடம் இப்படி ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டு குலசேகரம் பக்கம் மாமாவின் தோட்டத்தில் சிரட்டையில் இருந்த ரப்பர் பாலை வாளியில் ஊற்றப் போனேன். துணியில் தெறித்த பால் காய்ந்து விரலிடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஒட்டுப்பாலைப் பிய்க்கிற மாதிரி பிய்த்தேன், துணியும் சேர்ந்து வந்தது. பால் வெட்டுகிற அண்ணன் பார்த்துவிட்டு, “இது பைக்குக்குப் போட்டு நடக்கிற சாதனமில்லியா?” என்று கேட்டுச் சிரித்தார். மிச்சமிருந்ததை ஆடி மழையில் ஸ்கூட்டர் பெட்டியில் மறந்தேன், பூஞ்சை முடித்துவிட்டது. எனவே களம் என்று சொன்னாலும் ரப்பர் தோட்டம் அந்தக் களத்தில் சேராது என்று விலைப்பட்டியலில் ஒரு வரி போடப்போகிறேன்.

கருத்து சொல்லுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து

----

> என் முன்மொழிவு: களக்கையுறை.

தம்பி, சித்தூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே களம் என்றாலே கதிரடிக்கிற இடம்தான், தெலுங்கில் ‘கள்ளம்’. எங்கள் வீட்டில் இரண்டு மொழியும் புழங்குவதால் ‘களக்கையுறை’ என்று சொன்னதும் என் மருமகள் “நெல்லு அடிக்கவா மாமா?” என்றாள். தமிழில் கள்ளம் என்றால் என்ன என்று அவளுக்கு நான் விளக்கவில்லை. தெலுங்கில் இதைச் ‘சேதி தொடுகு’ என்கிறார்கள். தொடுதல் நம்மிடமும் அணிதல்தானே, தொடுதோல் என்றால் செருப்பு. ‘களத்தொடு’ என்று பார்க்கலாமா?

----

ஐயா, ‘தொடு’ இன்றைக்குத் தொடுதிரையோடு போய்விட்டது. அந்தத் திரையைத் தொடுவதற்கே இந்த உறையில் தனி நூல் வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு தொடுவும் ஒரே பட்டியலில் இடித்துக்கொள்ளும். நெல்லடிக்க என்று உங்கள் மருமகள் நினைத்தால் தப்பில்லை. கையுறைக்குக் காணிக்கை என்ற பொருள் போனதுபோல அதுவும் பழகிவிடும். வைக்கோலுக்கும் இது நல்லதுதான், நான் சோதித்ததில்லை.

– மார்த்தாண்டம்

----

எனக்குக் ‘களக்கையுறை’ சம்மதம். கோதையை விட்டதில் கொஞ்சம் வருத்தம். இங்கே களம் என்றால் தரையில் பொடியால் வரைகிற களமெழுத்துகூட நினைவுக்கு வரும், பரவாயில்லை. மொளிக்காப்பை மட்டும் பாலக்காட்டில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கும். ‘முட்டிக்காப்பு’ வேண்டாம், முழங்காலுக்கு வாங்கிவிடுவார்கள்.

– பாலக்காடு

----

அச்சுக்குப் போய்விட்டது. ‘களக்கையுறை, மொளிக்காப்புடன், அளவு 8, 9, 10’ என்று இருக்கிறது. நேற்று மாலை ஒரு பையன் வந்து பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவி, “அண்ணே, அந்த மொளி வச்சது எட்டு இருக்கா?” என்று கேட்டானாம். மைத்துனர் போன் போட்டுச் சொன்னார். களத்தை அவன் வாயில் எடுக்கவில்லை.

– மார்த்தாண்டம்