டெல்லியில் எஃகுக் கட்டடம்: நிலநடுக்கச் சேதத்தைக் குறைக்க வழி உண்டா?

கேள்வி:
வணக்கம். டெல்லியின் துவாரகாவில் ஏழு மாடி எஃகு அலுவலகக் கட்டடம் ஒன்றை வடிவமைக்கும் குழுவில் இருக்கிறேன். டெல்லி நான்காம் நிலநடுக்க மண்டலத்தில் இருப்பதால், ஐ.எஸ். 1893 என்ற இந்திய நிலநடுக்க வடிவமைப்பு விதிநூலின் 2016 பதிப்புப்படி மண்டலக் காரணியை (அங்கே எதிர்பார்க்கும் நடுக்கத்தின் கடுமையைக் குறிக்கும் எண்) 0.24 என்று கொண்டுள்ளோம். முறியாமல் நன்கு வளைந்துகொடுக்கும்படி தூண்களையும் உத்திரங்களையும் இணைத்த சிறப்புச் சட்டகமாக அமைத்தால், கணக்கிட்ட நிலநடுக்க விசையை 5-ஆல் வகுக்க விதி இடம் தருகிறது. பெரிய நடுக்கத்தில் கட்டடம் சேதமடையும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வதாகத்தானே இதற்குப் பொருள்? உயிர் தப்பினால் போதும் என்று உரிமையாளரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி 1:
பொருள் அதுவேதான். எஃகு முறியாமல் வளைந்து ஆற்றலை உள்வாங்கும் என்று நம்பித்தான் விதி அந்த 5-ஐத் தருகிறது. 1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் அருகே நார்த்ரிட்ஜில் ஏற்பட்ட நடுக்கத்தில் அந்த நம்பிக்கை பொய்த்தது. உத்திர முனை வளைந்துகொடுக்கும் என்று எதிர்பார்த்த பல கட்டடங்களில், உத்திரத்தின் கீழ் ஃபிளேஞ்சை (I வடிவ உத்திரத்தின் கீழ்க் கிடைத்தட்டை) தூணோடு சேர்த்த வெல்டிங் விரிசல் கண்டிருந்தது. மேல்பூச்சைப் பிரித்துப் பார்க்கும்வரை அது பல இடங்களில் தெரியவே இல்லை. அதன் பிறகுதான், தூணிலிருந்து சற்றுத் தள்ளி ஃபிளேஞ்சின் அகலத்தை வெட்டிக் குறைத்து, வளைவை வெல்டிங்கிலிருந்து அங்கே நகர்த்தும் முறை பரவியது. ஆகவே தாங்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது இணைப்புகளை. வளைவைத் தாங்கும் தூண்களின் மொத்தத் திறன் உத்திரங்களின் திறனைப் போல் 1.2 மடங்காவது இருக்க வேண்டும் என்று எஃகுக் கட்டுமான விதிநூலான ஐ.எஸ். 800 கேட்பதையும் விட்டுவிடாதீர்கள்.

மறுமொழி 2:
என் கருத்தில், சேதத்துக்கு நாமே ஓரிடம் ஒதுக்கிவிடுவது மேல். சட்டகத்துக்குள் குறுக்காகப் பொருத்தும் சாய்வுத் தாங்கிகளை ஒரே புள்ளியில் சேர்க்காமல் இடையே உத்திரத்தின் சிறு துண்டு ஒன்றை விட்டால், நடுக்கத்தின் ஆற்றல் பெரும்பாலும் அந்தத் துண்டிலேயே செலவாகும். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2011 நடுக்கத்துக்குப் பிறகு, உயரமான கட்டடம் ஒன்றில் பழுதான இத்தகைய துண்டுகளை வெட்டியெடுத்துப் புதியவற்றைப் பொருத்தினார்கள். துண்டைத் தொடக்கத்திலேயே போல்ட் கொண்டு இணைத்துவிட்டால் மாற்றும் வேலை இன்னும் எளிது.

மறுமொழி 3:
கட்டடத்தின் எலும்புக்கூடு நிற்பதால் மட்டும் அலுவலகம் மறுநாள் திறக்காது. மாடிக்கு மாடி பக்கவாட்டு நகர்வு உயரத்தில் 0.004 பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது விதி, 3.6 மீட்டர் உயரத்துக்கு அது 14.4 மி.மீ. ஆனால் அது 5-ஆல் வகுத்துக் குறைத்த விசைக்குரிய கணக்கு. உண்மையான நடுக்கத்தில் நகர்வு அதைப்போல் ஐந்து மடங்கு வரை, அதாவது 72 மி.மீ. வரை போகலாம் என்று கொண்டு, கண்ணாடிச் சுவர், பொய்க்கூரை, தீயணைப்புக் குழாய் ஆகியவற்றுக்கு இடைவெளி விடுங்கள்.

இன்னொன்று: ஈ 250 என்ற எஃகு வகையில் 250 என்பது, நிரந்தரமாக வளையத் தொடங்கும் முன் அது தாங்க வேண்டிய குறைந்தபட்ச வலிமை (மெகாபாஸ்கலில்). உத்திரத்துக்கு வரும் எஃகு அதைவிட மிகுந்த வலிமையோடு இருந்தால், வளைய வேண்டிய இடம் வளையாமல் சுமை இணைப்பின் மீது ஏறும். ஆலைச் சோதனைச் சான்றிதழைப் பார்த்த பிறகே இணைப்பின் கணக்கை முடிவு செய்யுங்கள்.