தூதரக அதிகாரிகள் மக்களுக்கு நேராக எழுதலாமா?

முதுநகர்க்காரன்:
எழுத வேண்டும், கேட்டால் பதிலும் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன என் தம்பியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டார். அம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தூதரக நம்பர் நாலையும் எழுதி வைத்து மாறி மாறி அடிப்பார். மணி போகும், எடுக்க ஆள் இல்லை. அவர்கள் இணையப் பக்கத்தில் தினமும் விழாப் படங்கள் மட்டும் வரும். பாஸ்போர்ட்டைப் பறித்தால் எங்கே போவது என்று அங்கிருக்கும் ஒருவர் பத்து வரி எழுதக் கூடாதா?

குருசுக்குப்பம்:
தம்பி, அம்மா பட்ட பாடு புரிகிறது. ஆனால் வழி சொல்வது வேறு, மனதில் பட்டதை எழுதுவது வேறு. எழுத விட்டால் இரண்டும் சேர்ந்துதான் வரும். சூடானில் ஐ.நா. பொதுச்செயலாளரின் சிறப்புப் பிரதிநிதியாக இருந்தவர் யான் பிரோங்க். தார்பூரில் சூடான் ராணுவம் இரண்டு சண்டைகளில் தோற்றது, வீரர்கள் சோர்ந்துவிட்டார்கள் என்று 2006 அக்டோபரில் தன் வலைப்பதிவில் எழுதினார். அதே மாதம், 72 மணி நேரத்தில் வெளியேறச் சொல்லிவிட்டது சூடான் அரசு. எழுதியது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். தார்பூர் மக்களுக்காகப் பேச அங்கே இருந்த ஆள் போய்விட்டாரே! நாட்டுத் தூதர்களுக்கு இன்னும் கஷ்டம். தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவுப்படி, அவர்கள் வேலை பார்க்கும் நாடு காரணமே சொல்லாமல் திருப்பி அனுப்பலாம்.

முதுநகர்க்காரன்:
அண்ணே, அவர் போர் நிலவரம் எழுதினார். நான் அதையா கேட்கிறேன்? சுஷ்மா சுவராஜ் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது ட்விட்டரில் முறையிட்ட எத்தனையோ பேருக்கு அவரே பதில் போட்டார். வானம் இடிந்து விழவில்லையே.

குருசுக்குப்பம்:
அது அவருடைய நல்ல மனசு. அவருக்கு அப்புறம்? ட்விட்டரில் எழுதத் தெரிந்தவனுக்கு வேலை நடக்கும், உங்கள் அம்மா போன்றவர்கள் போனைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். போனை எடுக்க ஆள் போடு என்று கேளுங்கள், நானும் கூட வருகிறேன்.

மிஷன் வீதி:
இருவருக்கும் ஒன்று. நம் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸின் துபாஷி, அதாவது மொழிபெயர்த்துச் சொல்லும் இடையாள். 1736இல் தொடங்கி 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். துரை துய்ப்ளெக்ஸின் மனைவியைக்கூடக் குறை சொல்லாமல் விடவில்லை. ஊர் படிக்கும் என்று தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருப்பாரா? அதனால் தூதர் மனம் திறந்து எழுதுவார் என்று நான் நம்பவில்லை, அந்த மட்டும் அண்ணன் பக்கம்தான். ஆனால் தகவலை அவரவர் மொழியில் தருவது கடமை. 1962க்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த எத்தனையோ புதுச்சேரி வீடுகளில் பேச்சு இன்றும் தமிழ்தான். பென்ஷன் கடிதம் வந்தால் பிரெஞ்சு படித்த பேரப்பிள்ளையைத் தேடுகிறார்கள். வளைகுடாவிலும் இதே கதைதானே?

முதுநகர்க்காரன்:
அதேதான் அக்கா. கடைசியில் தம்பிக்கு வழி சொன்னது பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு. எந்தக் கிழமை போக வேண்டும், எந்த ஜன்னலில் நிற்க வேண்டும், வேலை ஒப்பந்த நகல் எத்தனை வேண்டும் என்று இரண்டு நிமிடத்தில் தமிழில் சொல்லி முடித்தார். அம்மா அதை இன்னும் அழிக்கவில்லை. தெருவில் யார் பிள்ளை வெளிநாடு போனாலும் அனுப்பிவிடுகிறார்.