ஃபிளமென்கோவில் கிதார் முன்னணியா, பக்கவாத்தியமா?

தந்திப்பித்தன்:
அனைவருக்கும் வணக்கம். கிதார் கலைஞர் பாக்கோ தெ லூசியாவின் தனி வாசிப்பையே பல ஆண்டுகளாகக் கேட்டு வந்ததால், ஸ்பெயினின் ஃபிளமென்கோ கலை என்றாலே கிதார் இசைதான் என்று எண்ணியிருந்தேன். பாடகர் கமரோன் தெ லா இஸ்லாவுடன் அவர் சேர்ந்து செய்த பழைய பதிவுகளை அண்மையில் கேட்டேன். அத்தனை வேகம் படைத்த விரல்கள், பாடகர் வாய் திறந்ததும் இரண்டு மூன்று கார்டுகளோடு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளோடு) அடங்கிவிடுகின்றன. அப்படியானால் கிதாரின் உண்மையான இடம் எது? என்னிடம் உள்ள கிளாசிக்கல் கிதாரிலேயே இதைப் பழகலாமா?

செவிச்செல்வம்:
அப்படி அடங்கத் தெரிவதுதான் அங்கே பெரிய வித்தை, நண்பரே. தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியாவில், குறிப்பாக அங்குள்ள ஜிப்சி மக்களிடையே உருப்பெற்ற இந்தக் கலைக்குக் குரல்தான் வேர். கொல்லுப்பட்டறையோடு தொடர்புபடுத்தப்படும் மார்த்தினேத்தே என்ற பாடல்வகையை இன்றும் கிதார் இல்லாமலேயே பாடுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில், பாட்டும் ஆட்டமும் நடந்த காபிக்கடை அரங்குகள் பெருகியபோதுதான் கிதார் பாடகரின் நிலையான துணையாயிற்று. ராமோன் மோந்தோயா 1936இல் பாரிசில் செய்த தனிக் கிதார் பதிவுகளும், உள்நாட்டுப் போரின்போது ஸ்பெயினை விட்டு வெளியேறிய சபீகாஸ் அமெரிக்க மேடைகளில் வாசித்த வாசிப்பும் அதைத் தனித்து நிறுத்தின. பாக்கோ அந்த வழியில் வந்தவர். ஆனால் அவரே, தாம் பாடகராக விரும்பிக் கூச்சத்தால் கிதாரின் பின்னே ஒளிந்துகொண்டவர் என்ற பொருளில் பேசியிருக்கிறார்.

சோலேயா என்ற பாடல்வகையில் ஒன்றைக் கவனித்துக் கேளுங்கள். முதலில் பாடகரின் சுருதிக்கு ஏற்பக் கேப்போ, அதாவது தந்திகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் கவ்வி, கிதார்க் கழுத்தின் இரண்டாம் கட்டிலோ (fret) நான்காம் கட்டிலோ ஏறும். பாடகர் 'ஆய்' என்று குரலை இழுத்துப் பார்க்கும் வரை கிதார் கலைஞர் தாளத்தை மட்டும் நடத்திக்கொண்டிருப்பார். தாளம் 12 தட்டுகள். அழுத்தம் 3, 6, 8, 10, 12 ஆகியவற்றில் விழும். பாடகர் ஓர் அடியை எவ்வளவு நீட்டினாலும், அவர் மூச்சு விடும் இடத்தை முன்கூட்டியே உணர்ந்து, 10ஆம் தட்டில் வந்து இறங்க வேண்டும். நீங்கள் வியந்த வேகமெல்லாம் அடிகளுக்கு இடையே வரும் ஃபால்ஸேத்தா என்னும் சிறு இசைத்துண்டுகளில்தான் வெளிப்படும்.

மரத்தச்சன்:
உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கிளாசிக்கல் கிதாரில் தாராளமாகத் தொடங்கலாம்; ஆனால் ஓசை வேறாக இருக்கும். அதன் பின்புறமும் பக்கங்களும் பெரும்பாலும் ரோஸ்வுட், அதாவது நம் ஈட்டி மரம். ஓசை ஆழமாக நின்று ஒலிக்கும். மரபான ஃபிளமென்கோ கிதாரை ஸ்பெயினிலேயே விளையும் சைப்ரஸ் மரத்தில், மெல்லிய பலகைகளாகச் செய்வார்கள். 12ஆம் கட்டில் தடித்த தந்தி சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்தில்தான் இருக்கும்; வேகமாக மீட்டினால் 'சர்' என்று உரசும். கிளாசிக்கல் காரர்கள் குறை என்பார்கள், இங்கே அதுவே சுவை. சுரம் சட்டென்று எழுந்து சட்டென்று மங்குவதால், கைத்தட்டலுக்கும் காலடி ஓசைக்கும் நடுவில் ஒவ்வொரு மீட்டலும் தெளிவாகக் கேட்கும்.

ஓர் எச்சரிக்கை: கோல்பே என்று விரலால் மேற்பலகையைத் தட்டும் முறை உண்டு. இந்தக் கிதார்களில் அதற்கென்றே ஒரு காப்புத் தகடு ஒட்டியிருக்கும். உங்களுடையதில் அது இராது. ஒட்டாமல் தட்டினால் சில மாதங்களில் மெருகு போய் மரம் தெரியும். இன்று ரோஸ்வுட்டிலும் ஃபிளமென்கோ கிதார் செய்கிறார்கள். நெக்ரா என்று பெயர். மரத்தை மட்டும் வைத்து எதையும் ஒதுக்கிவிட வேண்டாம்.

தந்திப்பித்தன்:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு கிதாரைத் தொடாமல், ஒரு சோலேயாவை ஓடவிட்டுத் தொடையில் தட்டி எண்ணிப் பார்த்தேன். ஆறுக்குப் பின் எட்டு வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒன்பதில் போய் விழுந்தேன். பாடகரோ அதற்குள் அடுத்த அடியில் இருந்தார்.