20 வருஷ மின்பிறப்பாக்கத் திட்டத்துக்கு எங்கட சங்கம் என்ன எழுதலாம்?

வாவிக்கரை (மட்டக்களப்பு):
நீண்டகால மின்பிறப்பாக்க விரிவாக்கத் திட்ட வரைவுக்குக் கருத்துக் கேட்டால், எங்கட கிராம அபிவிருத்திச் சங்கமும் சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலைக்காரரும் சேர்ந்து அனுப்ப யோசிக்கிறம். கிழக்குக்குச் சோலார் கூட வேணும், கட்டணம் குறைய வேணும், இரவில வோல்டேஜ் விழுது. இவ்வளவுதான் கைவசம். கையொப்பம் வாங்கி அனுப்பினால் போதுமா?

கல்லோயா:
போதாது. ஒரே வாசகத்துக்கு ஐந்நூறு பேர் கையொப்பம் போட்டாலும் அது ஒரு கருத்துத்தான். கட்டணத்துக்குப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு தனியாகக் கருத்துக் கேட்கும். வோல்டேஜ் விநியோகத்துப் பிரச்சினை. டிரான்ஸ்போமர் எங்க நிக்குது, எத்தனை மணிக்கு விழுது என்று குறிச்சு பிரதேச மின் பொறியியலாளருக்குக் குடுங்கோ. இந்தத் திட்டம் பார்க்கிறது எந்த வகை நிலையம், எந்த வருஷம், எத்தனை மெகாவாட், எது குறைந்த செலவு என்பதைத்தான். அதால தேவை எதிர்வுகூறல் (வாற வருஷங்களில எவ்வளவு மின் வேணும் என்ற கணிப்பு), எரிபொருள் விலை, ஒதுக்குக் கொள்ளளவு (நிலையம் பழுதானால் கைகுடுக்க மேலதிகமாக வைக்கிற மெகாவாட்) ஆகிய எண்களில கை வையுங்கோ. பக்க இலக்கம், அட்டவணை இலக்கம், உங்கட எண், அதுக்கு ஆதாரம்: இது நாலும் இருந்தால் தட்டிக்கழிக்கிறது கஷ்டம்.

நெல்வயல்:
ஆலைக்காரர் உங்களோட இருக்கிறது பெரிய பலம். கைத்தொழில் 2 வகைப் பில்லில பகல் (5.30–18.30), உச்சம் (18.30–22.30), உச்சமற்ற நேரம் (22.30–5.30) மூன்றுக்கும் யூனிட் பிரிச்சுப் போட்டிருக்கும்; உச்சக் கேள்வியும் (அந்த மாசம் ஒரே நேரத்தில இழுத்த ஆகக்கூடிய மின்அளவு) கேவிஏ என்ற அலகில இருக்கும். ஒவ்வொரு ஆலையிட்டயும் 12 மாசப் பில் வாங்கி ஒரே அட்டவணையில போடுங்கோ. பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச். சிறுபோகம் ஓகஸ்ட், செப்டெம்பர். அந்த மாசங்களில பகல் பாவனை எவ்வளவு ஏறுதெண்டு பில்லே சொல்லும். நாடு தழுவிய சராசரியில இது தெரியாது. பில்லில உள்ள கணக்கு இலக்கங்களை மறைச்சிட்டு இணையுங்கோ.

வாவிக்கரை:
அப்ப சோலாரை இதோட சேர்த்து எழுதலாமா?

மின்கம்பி:
எழுதலாம், இரவைக் கணக்கில எடுத்தால். 10 மெகாவாட் சோலார், கொள்திறன் காரணி (வருஷம் முழுக்க முழு அளவில ஓடினால் வாறதில உண்மையில கிடைக்கிற பங்கு) 17% எண்டால் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 1.49 கோடி யூனிட் தரும். இரவு 7 மணிக்குப் பூச்சியம். உச்ச நேரம் 4 மணித்தியாலமும் அதே 10 மெகாவாட் வேணுமெண்டால் பற்றரி 40 மெகாவாட்மணி குடுக்க வேணும். பற்றரியில ஏத்தி இறக்கேக்க வீணாகிறது 15% எண்டால் ஏத்த வேண்டியது கிட்டத்தட்ட 47 மெகாவாட்மணி. பற்றரிச் செலவைச் சேர்க்காமல் "சோலார் மலிவு" எண்டு எழுதினால் முதல் கேள்வியிலயே விழுந்திடும். நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை எங்கட பக்கம் மழைக்காலம், வெயில் குறைவு, அதால மாசவாரியாகக் கணக்குக் காட்டுங்கோ.

அடுத்தது உபமின் நிலையம். வவுணதீவு, வாழைச்சேனை, அம்பாறை மூன்றிலும் இன்னும் எத்தனை மெகாவாட் இணைக்க இடமிருக்கெண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில இப்பவே கேளுங்கோ. தகவல் அலுவலர் முடிவு சொல்ல 14 வேலை நாள் எடுக்கலாம், தகவலைக் கையில தர அதுக்கு மேலயும் நாள் எடுக்கச் சட்டத்தில இடமிருக்கு. கருத்துக் கோரும் அறிவித்தல் வந்தாப்பிறகு கேட்டால் பதில் வரமுதல் திகதி முடிஞ்சிரும். இடமில்லை எண்டு பதில் வந்தால் கோரிக்கையை ஊடுகடத்தல் திட்டத்துக்கும் (உயரழுத்த லைன், உபமின் நிலையம் போடுற திட்டம்) சேர்த்து எழுதுங்கோ, லைன் இல்லாத இடத்தில நிலையம் கேட்டுப் பிரயோசனமில்லை.

கல்லோயா:
நேரில போய்ப் பேசுற வாய்மூலக் கருத்துக்கு இடம் குடுத்தால் அதுக்கும் பெயர் குடுங்கோ. பேசக் கிடைக்கிறது கொஞ்ச நேரம், ஆலை அட்டவணையை மட்டும் எடுத்துப் பேசுங்கோ.