சட்ட உதவிப் பேனலில் சேர்வது எப்படி? சொந்தப் பிராக்டிஸ் பாதிக்குமா?

நான்காம்_ஆண்டு_ஜூனியர்:
மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நாலு வருஷமாக கிரிமினல் பிராக்டிஸ். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பேனலில் சேர்ந்து, வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களின் வழக்கை நடத்த விருப்பம். எப்படிச் சேர்வது? பீஸ் யார் தருவார்கள்? சீனியர்கள் சொல்லுங்கள்.

பார்_ரூம்:
தகுதி இருக்கிறது. நால்சாவின் (தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு) 2010 ஒழுங்குமுறைப்படி குறைந்தது 3 ஆண்டு அனுபவம் வேண்டும். ஆணைக்குழுச் செயலாளர் விண்ணப்பம் கோரும்போது சன்னத் (வக்கீல் பதிவுச் சான்று) நகலோடு நீங்கள் நடத்திய வழக்குகளின் பட்டியலையும் வைத்துக் கொடுங்கள். சிவில், கிரிமினல், குடும்பம், தொழிலாளர் என்று பேனல் தனித்தனி. கைவந்த துறையை மட்டும் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் பெயர் கொடுத்தால் தெரியாத கேஸ் வந்து சேரும், நஷ்டம் கட்சிக்காரருக்கு.

பீஸை ஆணைக்குழுதான் தரும். பில்லோடு தீர்ப்பு நகலும் போக வேண்டும், பணம் வரத் தாமதமாகும். கட்சிக்காரரிடம் ஜெராக்ஸ் செலவு என்று சொல்லிக்கூட ஒரு ரூபாய் வாங்கக் கூடாது.

சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் பதவி வேறு. அது முழுநேர வேலை, தனி வழக்கு எடுக்க முடியாது. பேனல் வக்கீலுக்கு அந்தத் தடை இல்லை.

ரிமாண்ட்_டயரி:
பேனலில் கிரிமினல் பக்கம் வந்தால் முதலில் தேதிக் கணக்கைப் பிடியுங்கள். வழக்குக் கட்டு கைக்கு வந்ததும் முதல் ரிமாண்ட் (கோர்ட் காவலில் வைத்த) தேதியை அட்டையிலேயே எழுதுங்கள். பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 187(3)-இன்படி குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. ரிமாண்ட் செய்த நாளும் கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது. கெடு முடிந்தும் குற்றப்பத்திரிகை வரவில்லையா, மறுநாள் காலையிலேயே ஜாமீன் பெட்டிஷன் போடுங்கள். நீங்கள் மனுப் போடுவதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் அந்த உரிமை போய்விடும். சட்ட உதவிக் கேஸ்களில் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான், காரணம் கட்டைத் திறந்தே பார்க்காததுதான்.

ஜாமீன் கிடைத்ததோடு வேலை முடியாது. ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்கள் ஏராளம். ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் 2023 ஜனவரி உத்தரவு இருக்கிறது. அதைக் காட்டி மனுப் போடுங்கள், கோர்ட் தானாகச் செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். விசாரணைக் கைதிகளுக்கு பி.என்.எஸ்.எஸ். 479-ஆம் பிரிவும் உண்டு: இதற்குமுன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர் உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்திருந்தால் விடுவிக்கக் கேட்கலாம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், வேறு வழக்கு நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது.

குடும்பநல_வக்கீல்:
ஒன்று சேர்க்கிறேன். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி இலவச சட்ட உதவிக்கு வருமான வரம்பே கிடையாது. ஜீவனாம்சம் கேட்டு வரும் பெண்ணை வருமானச் சான்று வாங்கி வரச் சொல்லித் திருப்பி அனுப்புவது அநியாயம். யாராவது அனுப்பினால் அந்தப் பிரிவை மனுவிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசும்போது தொகை, தவணைத் தேதி, தவறினால் என்ன வட்டி என்று எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். அங்கே தரும் அவார்டுக்கு (தீர்ப்புக்கு) அப்பீல் இல்லை. கையெழுத்துப் போடுமுன் கட்சிக்காரருக்கு ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டுங்கள்.