முதலில் ஜிஇயா, கெமிஸ்ட்ரியா?

ஃப்ரீமாண்ட் அப்பா: மகன் ஆகஸ்டில் இங்கே கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் சேர்கிறான். செமஸ்டர் முறை. இரண்டு வருடத்தில் யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) டேவிஸுக்கு பயோகெமிஸ்ட்ரி படிக்க மாறுவதாகத் திட்டம். முதல் வருடம் இங்கிலீஷ், ஹிஸ்டரி என்று ஜிஇயை (எல்லோருக்கும் பொதுவான பாடங்களை) முடித்துவிட்டு, சயன்ஸை அப்புறம் நிதானமாக எடுக்கட்டும் என்கிறேன். யூனிட்டுக்கு 46 டாலர்தானே, என்ன குறைந்துவிடும்?

குடுவைக்காரி: ஒரு வருடம் குறைந்துவிடும் சார். பின்னாலிருந்து எண்ணுங்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இரண்டு செமஸ்டர். அதற்கு முன்னால் ஜென் கெம், அதாவது ஜெனரல் கெமிஸ்ட்ரி, இரண்டு செமஸ்டர். ஆக நாலு, ஒன்றை முடிக்காமல் அடுத்ததில் விடமாட்டார்கள். முதல் செமஸ்டரில் கெம் இல்லையென்றால் இரண்டு வருடக் கணக்கு அன்றைக்கே போச்சு. ஹிஸ்டரியைக் கோடை விடுமுறையில்கூடப் போட்டுக்கொள்ளலாம்.

மேஜர் மாறன்: பெயரில்தான் மாறன், மேஜரை (முதன்மைப் பாடத்தை) மூன்று தடவை மாற்றியவன் நான். ஜிஇ முழுசாகக் கையில் இருந்ததால்தான் தப்பித்தேன். 18 வயதுப் பையனுக்கு ஆர்கானிக்தான் வாழ்க்கை என்று இப்போதே தெரியுமா? இன்னொன்று: கெம்மில் 'சி' வாங்கிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. 'டி', 'எஃப்' வாங்கினால்தான் மறுபடி விடுவார்கள். தடுமாறும் முதல் செமஸ்டரிலேயே அந்த ஆபத்து எதற்கு?

குடுவைக்காரி: 'சி' விஷயம் சரி. அதனால்தான் கெம், மேத்ஸ், இங்கிலீஷ் மூன்றோடு நிறுத்தச் சொல்வேன். ஆனால் பாடம் அதிகம் கேட்கும் சயன்ஸ் மேஜர்களுக்கு முழு ஜிஇ உகந்ததல்ல என்று யூசியே சொல்கிறது. மீதியை அங்கே போய் முடிக்கலாம். நானும் முதலில் ஜிஇ என்ற உங்கள் வழியில்தான் போனேன். ஆர்கானிக் லேபுக்கு வெயிட்லிஸ்டில் ஒன்பதாவது ஆள். முதல் நாள் லேப் பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு லேப் வாசலில் நின்றேன். இரண்டு பேரை உள்ளே கூப்பிட்டார்கள், கதவைச் சாத்தினார்கள். அந்த செக்‌ஷன் மறுபடி வந்தது அடுத்த வருடம்.

மேஜர் மாறன்: யூனிட் அதிகம் சேர்த்தவனுக்குத்தான் பதிவுத் தேதி முன்னால் வரும். ஜிஇ போட்டால் யூனிட் சேருமே?

குடுவைக்காரி: கெம் எடுத்தாலும்தான் சேரும்!

ஃப்ரீமாண்ட் அப்பா: டேவிஸுக்கு டேக் (நிபந்தனைகளை முடித்தால் இடம் உறுதி என்ற ஏற்பாடு) உண்டு என்கிறார்களே?

மேஜர் மாறன்: உண்டு. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ மூன்றும் டேக் தருவதில்லை. ஆறு கேம்பஸில் ஒன்றுக்குத்தான் போடலாம், செப்டம்பர் 1 முதல் 30 வரை. மேஜருக்கு மேஜர் நிபந்தனை வேறு. எந்தப் பாடம் எங்கே ஏற்கப்படும் என்று காட்டும் அசிஸ்ட் தளத்தில் உங்கள் காலேஜையும் டேவிஸையும் போட்டு அந்த மேஜரின் ஒப்பந்தத்தைத் திறங்கள். கவுன்சிலர் சொன்னாலும் அதோடு ஒத்துப் பாருங்கள்.

குடுவைக்காரி: இதில் மாறன் கட்சிதான் நானும். ஆர்கானிக் முதல் பாதி ஒரு காலேஜ், மறு பாதி இன்னொன்று என்று மட்டும் பிரிக்காதீர்கள். டி ஆன்சா காலேஜில் அது மூன்று குவார்ட்டர் (செமஸ்டரைவிடக் குறுகிய பருவம்), செமஸ்டர் காலேஜில் இரண்டு பாகம். நடுவில் தாவினால் பாடம் பொருந்தாது.

ஃப்ரீமாண்ட் அப்பா: திறந்து பார்த்தேன். ஹிஸ்டரி கோடைக்குப் போகிறது. ஜென் கெம்முக்குக் காலை 8 மணி லேப், மாலை 6 மணி லேப் இரண்டு இருக்கிறது. எது நல்லது?

குடுவைக்காரி: எதில் இடம் இருக்கிறதோ அது. இன்று ராத்திரியே.