“ஷேம் ஷேம்” என்று சொல்வதை எங்கள் வீட்டில் விட்டோம்

பொங்கோல் அம்மா:

போன வருஷம் என் மகள் இங்கே சிங்கப்பூரில் பாலர் பள்ளியில் கே2, அதாவது கடைசி வருஷம். ஒரு நாள் குளிப்பாட்டும்போது, “அம்மா, நீச்சலுடை மறைக்கிற இடமெல்லாம் என்னுடையது. டாக்டர் பார்த்தாலும் நீங்க பக்கத்துல இருக்கணும்” என்றாள். பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பெருமையாக இருந்தது. அப்புறம் அந்த உறுப்பின் பெயரை ஆங்கிலத்தில் பட்டென்று சொன்னாள். வெளியே துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் ஓடி வந்துவிட்டார். “பொம்பளப் பிள்ளை வாயில என்ன வார்த்தை இது? ஷேம் ஷேம்னு சொன்னா போதும்.”

நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஈசூனில் எங்கள் புளோக்கில் இருந்த தமிழ் வீடுகளில் அதற்கு அதுதான் பெயர். ஜட்டி இல்லாமல் ஓடினால் ஷேம் ஷேம், அந்த இடமும் ஷேம் ஷேம். அன்று இரவு தூக்கம் வரவில்லை. நாளைக்கு யாராவது அங்கே கை வைத்தால் இவள் வந்து என்னவென்று சொல்வாள்? பெயரிலேயே ‘வெட்கப்படு’ என்று எழுதி வைத்துவிட்டு, என்னிடம் எதையும் மறைக்காதே என்றால் பிள்ளை எதைக் கேட்கும்?

சரி, தமிழில் வேறு என்ன சொல்வது? இருக்கிற சொற்களில் பாதி பாடப்புத்தகத்தில் கிடக்கிறது, மீதி கெட்ட வார்த்தை. ‘பிறப்புறுப்பு’ என்று சொல்வதற்குள் ஆறு வயசுப் பிள்ளைக்கு வாய் சுளுக்கிக்கொள்ளும். கடைசியில் பள்ளியில் சொன்ன ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டோம். மாமியார் இன்னும் அதைச் சொல்ல மாட்டார். ஆனால் பேத்தி சொன்னால் அதட்டுவதில்லை.

தீபாவளிக்கு வந்த உறவினர் ஒருவர் அங்பாவை, அதாவது பணம் வைத்த உறையை, நீட்டி, “மாமாவுக்கு ஒரு முத்தம் குடு, அப்பத்தான் இது” என்றார். இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் “சும்மா குடும்மா” என்கிறார்கள். மாமியார்தான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “வேணாங்குதுல்ல, விடுங்க. கும்பிட்டா போதாதா?” என்றார். கையில் இருந்த முறுக்கைக் கடிக்கவே மறந்துவிட்டேன்.

உங்கள் வீடுகளில் என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்?

பாலர்பள்ளி டீச்சர்:

எந்தச் சொல்லாக இருந்தாலும் சரி, வகுப்பில் எங்களுக்கும் புரியவேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் பிள்ளை சொன்ன பிறகு நடப்பதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு தாய், பிள்ளை சொன்னதைக் கேட்ட ஆத்திரத்தில் அந்த ஆளையே வீட்டுக்குக் கூப்பிட்டு, பிள்ளை முன்னால் நிறுத்தி, “சொல்லு, இவரா?” என்று கேட்டுவிட்டார். பிள்ளை ‘இல்லை’ என்றது. அப்புறம் அது மறுபடி வாய் திறக்கப் பல மாதம் ஆயிற்று. அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

துருவித் துருவிக் கேட்காதீர்கள். “சொன்னது நல்லதாப் போச்சு, உன் மேல தப்பில்லை” என்றால் போதும். பிள்ளை சொன்ன வார்த்தையை உங்கள் வார்த்தையாக மாற்றாமல் அப்படியே எழுதி வையுங்கள். பிறகு 1800-777-0000. வன்முறை, பாலியல் தொல்லை பற்றிச் சொல்ல 2021 ஜனவரியில் தொடங்கிய தேசிய உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள். ஆதாரம் கையில் இருக்கவேண்டும் என்றில்லை, சந்தேகமே போதும். உடனடி ஆபத்து என்றால் போலீசுக்கு 999.

“வெளிய தெரிஞ்சா என்ன ஆவுறது?” என்பதுதான் நம்மவர்கள் முதலில் கேட்பது. இப்படிப்பட்ட வழக்குகளில் பிள்ளையை அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிட நீதிமன்றம் தடை போடும். செய்தித்தாளில் சில நேரம் குற்றவாளியின் பெயரே இருக்காது, பார்த்திருப்பீர்கள். அவனைக் காப்பாற்றுகிறார்கள் என்று நம் ஆட்கள் கோபப்படுவார்கள். உறவுக்காரனாக இருந்தால் அவன் பெயர் போட்டாலே பிள்ளை யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும், அதற்காகத்தான்.

உட்லண்ட்ஸ்காரன்:

இத்தனை நாள் இங்கே படித்துவிட்டுப் போய்விடுவேன். இன்றைக்கு எழுதுகிறேன்.

நான் ஆண். எனக்கு 9 வயசு, பள்ளி விடுமுறை, பெரியம்மா வீடு. அவர்களுடைய மூத்த மகன். விவரம் வேண்டாம். டீச்சர் சொன்ன மாதிரி நானும் அப்போது சொல்லத்தான் செய்தேன். என்னிடம் அதற்கு வார்த்தை இல்லை. “அண்ணன் என்கூட ஒரு மாதிரி விளையாடறாங்க” என்றேன். “சரி, சண்டை போடாம விளையாடுங்க” என்றார் அம்மா. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆம்பளைப் பையனுக்கு இப்படி நடக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியிருக்காது.

இப்போது எனக்கு 43. ஆலோசகர் ஒருவரிடம் போய்க்கொண்டிருக்கிறேன். இங்கே குற்றவியல் புகாருக்குக் காலக்கெடு இல்லை என்பதே அவர் சொல்லித்தான் தெரியும். கொடுப்பேனா என்று முடிவு செய்யவில்லை.

போன மாதம் அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து, “விளையாடறாங்கன்னுதானே சொன்ன” என்றார். ஆமாம் என்றேன்.